டெஸ்க்டாப் மென்பொருளில் பயனர் ஐடிலாக இருப்பதைக் கண்டறிவது எப்படி?

மருத்துவமனைக் கவுன்டரில் நோயாளியின் பதிவு, வங்கிக் கிளையில் கணக்கு விவரம், பில்லிங் மேசையில் பில்லை ரத்து செய்யும் உரிமை. ஆள் எழுந்துபோன இருக்கையில் இவை எல்லாம் யார் கைக்கும் எட்டும். கார்டு தகவலைக் கையாளும் அமைப்புகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் நான்காம் பதிப்பு (விதி 8.2.8), 15 நிமிடத்துக்கு மேல் ஐடிலாக (யாரும் எதையும் தொடாமல்) இருந்த செஷனைத் தொடரப் பயனர் மறுபடி லாகின் செய்ய வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். அமெரிக்க மருத்துவத் துறைக்கான ஹிப்பா விதிகளும் ஆட்டோ லாக்-ஆஃப் பற்றிச் சொல்கின்றன. ஆனால் எத்தனை நிமிடம் என்று அவை எண் தருவதில்லை. அதை நிறுவனமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு டைமர் போட்டு, கீ அழுத்தும்போதெல்லாம் அதை ரீசெட் செய்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படி எழுதிய நிரல், ஆள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே தள்ளும். ஆள் இல்லாதபோது திறந்தே கிடக்கும். கீழே உள்ள முறை விண்டோஸில், மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய மென்பொருளை மனதில் வைத்தது. மேக், லினக்ஸ் விவரங்கள் பின்னால் வருகின்றன.

எந்த ஐடில் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கணினி ஐடில் என்றால் அந்த செஷனில் கீபோர்டு, மவுஸ், டச் எதையும் யாரும் தொடவில்லை என்று பொருள். மென்பொருள் ஐடில் என்றால் ஆள் இருக்கிறார், எக்செல்லில் தட்டிக்கொண்டிருக்கிறார், உங்கள் விண்டோவை மட்டும் தொடவில்லை.

இரண்டையும் ஒரே டைமரில் போட்டுக் குழப்பக் கூடாது. திரையை லாக் செய்யக் கணினி ஐடில் பொருத்தமானது. அதே ஆள் அதே நாற்காலியில் இருக்கும்போது உங்கள் மென்பொருளை மட்டும் பூட்டினால் பாதுகாப்பு கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். மென்பொருள் ஐடில் வேறு வேலைக்கு உதவும். ஒருவர் ஒரு ரெக்கார்டை எடிட் செய்யத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், டேட்டாபேஸில் அந்த ரெக்கார்டு லாக் ஆகியே கிடக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்த லாக்கை விடுவிக்க மென்பொருள் ஐடில்தான் சரியான அளவுகோல். ஆடிட்டர் உங்கள் மென்பொருளின் செஷனையே தனியாகக் கணக்கிடச் சொன்னால், திரை லாக்கிற்கும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டாட்நெட்டில் விண்டோ அமைக்க உதவும் விண்ஃபார்ம்ஸில், அப்ளிகேஷன் கிளாஸில் 'ஐடில்' என்றே ஒரு ஈவென்ட் இருக்கிறது. அது பயனரைப் பற்றியது அல்ல. விண்டோஸ் அனுப்பும் செய்திகள் காத்திருக்கும் மெசேஜ் க்யூ காலியாகும் ஒவ்வொரு முறையும் அது எழும்பும்; மவுஸை ஒரு தடவை நகர்த்தினாலே பல முறை வரும். டாட்நெட்டின் இன்னொரு விண்டோ தொகுப்பான டபிள்யூபிஎஃப்பின் 'த்ரெட் ஐடில்' ஈவென்டும் அப்படித்தான். இரண்டையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

நேரத்தைக் குறித்துவைத்துக் கழியுங்கள்

முழு முறைக்கும் அடிப்படை ஒன்றுதான்: கடைசி அசைவு எப்போது என்ற ஒரு எண்ணை வைத்திருங்கள், இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். டைமரின் வேலை உங்களை எழுப்பிவிடுவது மட்டும். லாக் செய்யலாமா என்பதைக் கழித்து வந்த விடைதான் முடிவு செய்ய வேண்டும்.

விண்டோஸில் யூசர்32 டிஎல்எல்லில் உள்ள கெட் லாஸ்ட் இன்புட் இன்ஃபோ என்ற ஃபங்ஷன் அந்த எண்ணைத் தரும். இதை இப்படிப் பயன்படுத்துங்கள்:

1. லாஸ்ட் இன்புட் இன்ஃபோ ஸ்ட்ரக்சரை உருவாக்குங்கள். அதில் இரண்டே ஃபீல்டுகள்: அளவைச் சொல்லும் சிபி-சைஸ், நேரத்தைச் சொல்லும் டிடபிள்யூ-டைம். இரண்டும் குறியில்லாத (மைனஸ் வராத) 32 பிட் எண்கள். மொத்தம் 8 பைட்.
2. அழைப்பதற்கு முன் சிபி-சைஸில் 8 என்று நிரப்புங்கள். மறந்தால் ஃபங்ஷன் தோல்வியைத் திருப்பித் தரும், நேரம் 0 ஆகவே இருக்கும். அந்த 0-வைக் கழித்தால் கணினி பூட் ஆன நேரத்திலிருந்தே ஐடில் என்று வந்துவிடும். அதனால் திரும்பி வரும் மதிப்பைக் கட்டாயம் சோதியுங்கள்.
3. கணினி பூட் ஆனதிலிருந்து கழிந்த மில்லிசெகண்டைச் சொல்லும் கெட் டிக் கவுன்ட் தரும் எண்ணிலிருந்து டிடபிள்யூ-டைமைக் கழியுங்கள். விடை மில்லிசெகண்டில் வரும். 15 நிமிடம் என்றால் 9,00,000.
4. விடை 2,00,000 என்றால் அடுத்த சோதனையை 7,00,000 மில்லிசெகண்ட் தள்ளி வையுங்கள். கணினி ஐடில் மட்டும் போதும் என்றால் நொடிக்கொரு முறை எழுந்து பார்க்கத் தேவையே இல்லை. லேப்டாப் பேட்டரியும் மிஞ்சும்.

இந்த ஃபங்ஷன் தான் ஓடும் செஷனுக்குள் மட்டுமே பார்க்கும். விண்டோஸ் சர்வீஸாக எழுதிய நிரலில் இதைப் போட்டால் பயனில்லை. விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்கள் செஷன் 0-வில் தனியாக ஓடுகின்றன. பயனரின் கீபோர்டு அங்கே தெரியாது. சர்வீஸுக்கு இந்தத் தகவல் வேண்டுமென்றால் பயனர் செஷனில் ஒரு சிறிய நிரலை ஓடவிட்டு, பைப் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் பலர் ஒரே சர்வரில் இருக்கும் இடத்தில் இதே குணம் வசதியாகிவிடுகிறது: ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாக வரும்.

49 நாள் பிரச்சினை

கெட் டிக் கவுன்ட் 32 பிட் எண். 49.7 நாளில் நிரம்பி மறுபடி 0-விலிருந்து தொடங்கும். கவுன்டர் கணினிகளை மாதக்கணக்கில் ஷட்டவுன் செய்யாமல் விடுவது சாதாரணம். எனவே இது வராது என்று நினைக்காதீர்கள். டாட்நெட்டின் என்விரான்மென்ட் டிக் கவுன்ட் குறியுள்ள எண் என்பதால் 24.9 நாளிலேயே மைனஸுக்குப் போய்விடும்.

கழித்தலைக் குறியில்லாத 32 பிட் எண்களாகவே செய்தால் இது தானே சரியாகிவிடும். கடைசி அசைவு 4,29,49,67,040. இப்போது எண் சுற்றி வந்து 256. குறியில்லாமல் கழித்தால் 512 மில்லிசெகண்ட் என்ற சரியான விடை வரும். சி ஷார்ப்பில் அந்தக் கணக்கை 'அன்செக்டு' பிளாக்குக்குள் வையுங்கள்; அப்படி வைக்காவிட்டால், ஓவர்ஃப்ளோ சோதனையோடு கம்பைல் செய்த ப்ராஜெக்டில் எக்செப்ஷன் எழும். கெட் டிக் கவுன்ட் 64-ஐ அப்படியே எடுத்து 32 பிட் டிடபிள்யூ-டைமைக் கழிப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. முதல் 49 நாள் சரியாக ஓடும். பிறகு எந்நேரமும் ஐடில் என்று சொல்லும். டெஸ்டிங்கில் பிடிபடாது, வாடிக்கையாளரிடம்தான் வெடிக்கும்.

இன்னொரு நுணுக்கம்: டிடபிள்யூ-டைம் எப்போதும் ஏறுமுகமாகவே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. சென்ட் இன்புட் வழியாக வரும் செயற்கை அசைவு தன் நேரத்தைத் தானே எழுதிக்கொண்டு வரலாம். கடைசி அசைவு 'இப்போது' என்பதைவிட சில மில்லிசெகண்ட் முன்னே நின்றால், குறியில்லாத கழித்தல் கிட்டத்தட்ட 49 நாள் என்ற விடையைத் தந்து திரையைப் பூட்டிவிடும். விடை 2,14,74,83,648 அல்லது அதற்கு மேல் வந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விண்டோவை மட்டும் கணக்கிட

மென்பொருள் ஐடிலுக்கு ஹூக் (விண்டோஸ் செய்திகளை இடைமறிக்கும் ஃபங்ஷன்) எதுவும் போடாமல் செய்யக்கூடிய வழி இருக்கிறது, நாங்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான். 2 விநாடிக்கு ஒரு முறை டிடபிள்யூ-டைமை எடுங்கள். அதே சமயம் கெட் ஃபோர்கிரவுண்ட் விண்டோ மூலம் முன்னால் நிற்கும் விண்டோ எது என்று பாருங்கள். கெட் விண்டோ த்ரெட் ப்ராசஸ் ஐடி மூலம் அது உங்கள் ப்ராசஸுடையதா என்று பாருங்கள். உங்களுடையது என்றால் மட்டும் அந்த டிடபிள்யூ-டைமை 'நம் கடைசி அசைவு' என்று சேமியுங்கள். இல்லையென்றால் பழைய எண் அப்படியே இருக்கட்டும். இரண்டு விநாடிப் பிசகு 15 நிமிடக் கணக்கில் பொருட்டே அல்ல.

இதற்குப் பதிலாக விண்ஃபார்ம்ஸில் ஐ-மெசேஜ் ஃபில்டர், டபிள்யூபிஎஃப்பில் இன்புட் மேனேஜரின் ப்ரீ-ப்ராசஸ் இன்புட் என்று மெசேஜ்களைப் பிடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

மவுஸ் அசையாமலேயே மவுஸ்-மூவ் மெசேஜ் (எண் 512) வரும். கர்சருக்குக் கீழே ஒரு விண்டோ தோன்றினாலோ மறைந்தாலோ விண்டோஸ் அதை அனுப்பும். டபிள்யூபிஎஃப்பும் லேஅவுட் மாறும்போது தானே மவுஸ் ஈவென்டை எழுப்பும். டாஷ்போர்டு 30 விநாடிக்கு ஒரு முறை ரெஃப்ரெஷ் ஆகும் மென்பொருள் இதனால் ஒருபோதும் ஐடில் ஆகாது. கர்சரின் எக்ஸ், ஒய் இடத்தைச் சேமித்து, உண்மையில் மாறியிருந்தால் மட்டும் அசைவாக எண்ணுங்கள்.

அடுத்தது மெசேஜ் பாக்ஸ், ஃபைல் சேவ் டயலாக் போன்றவை. இவை விண்டோஸின் சொந்த மெசேஜ் லூப்பில் ஓடுவதால் உங்கள் ஃபில்டர் அவற்றைப் பார்க்காது; டைமர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோல்டர் தேடி ஃபைல் பெயர் தட்டிக்கொண்டிருப்பவர் நடுவில் வெளியேற்றப்படுவார்.

கடைசியாக, மென்பொருளுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ2. அதன் பக்கங்கள் வேறு ப்ராசஸில் ஓடுகின்றன. அங்கே தட்டும் கீ உங்கள் ஃபில்டருக்கு வராது. ஃபோர்கிரவுண்ட் முறையில் இந்தத் தொல்லை இல்லை. மேல்மட்ட விண்டோ உங்களுடையதுதானே.

லோ-லெவல் கீபோர்டு ஹூக் வேண்டவே வேண்டாம். கீலாகர் என்று ஆன்டிவைரஸ் சந்தேகப்படும். ஹூக் ஃபங்ஷன் பதில் தரத் தாமதித்தால் விண்டோஸ் 7 முதல் சத்தமில்லாமல் அதைக் கழற்றிவிடும். கழற்றியதை அறியவும் வழியில்லை. என்ன கீ அழுத்தினார் என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. எப்போது என்பது போதும்.

ஸ்லீப், ஸ்கிரீன் லாக்

கணினி ஸ்லீப்பில் இருக்கும்போது டைமர் ஓடாது. மூடியைத் திறந்து ஆள் ஒரு கீயைத் தட்டினால் டிடபிள்யூ-டைம் புதுப்பிக்கப்பட்டுவிடும், ஐடில் 0. இரண்டு மணி நேரம் தூங்கிய கணினியில் உங்கள் மென்பொருள் திறந்தே எழுந்திருக்கும். வேறு யாராவது மூடியைத் திறந்திருந்தால்?

இதற்கு இரண்டு காவல் வையுங்கள். பவர்-பிராட்காஸ்ட் மெசேஜில் (எண் 536) சஸ்பெண்ட் என்ற 4 வந்தவுடனேயே லாக் செய்துவிடுங்கள். விண்டோஸ் அதற்குச் சுமார் 2 விநாடிதான் தரும். அந்த நேரத்தில் சர்வருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள், திரையை மறைப்பதோடு நிறுத்துங்கள். அது தவறிப்போனாலும் பிடிக்க, புதிதாக எடுத்த டிடபிள்யூ-டைமிலிருந்து நீங்கள் முன்பு சேமித்ததைக் கழியுங்கள். 2 விநாடிக்கு ஒரு முறை பார்க்கும் நிரலில் அந்த இடைவெளியே 15 நிமிடத்தைத் தாண்டினால், இப்போதைய ஐடில் 0 என்றாலும் லாக் செய்ய வேண்டும். ஸ்லீப்பில் கழிந்த நேரத்தையும் கெட் டிக் கவுன்ட் சேர்த்தே எண்ணுகிறது, அதனால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

பயனர் விண்டோஸ்-எல் அழுத்திவிட்டுப் போனால் ஐடிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. டபிள்யூடிஎஸ் ரிஜிஸ்டர் செஷன் நோட்டிஃபிகேஷனில் பதிவு செய்துகொண்டால், மெசேஜ் 689-இல் லாக்கிற்கு 7, அன்லாக்கிற்கு 8 வரும். டாட்நெட்டில் சிஸ்டம் ஈவென்ட்ஸின் செஷன் ஸ்விட்ச் இதையே தருகிறது. அது ஸ்டாட்டிக் ஈவென்ட். ஃபார்ம் மூடும்போது கழற்றாவிட்டால் ஃபார்ம் மெமரியிலேயே தங்கிவிடும்.

ஆள் இருந்தும் அசைவில்லை, ஆள் இல்லாமலும் அசைவு

பயிற்சி வீடியோ பார்ப்பவரும் நீண்ட ரிப்போர்ட்டைப் படிப்பவரும் எதையும் தொடமாட்டார்கள். வீடியோ பிளேயர் திரை அணையாமல் இருக்க செட் த்ரெட் எக்ஸிகியூஷன் ஸ்டேட்டை அழைத்திருக்கும். அது கடைசி அசைவு நேரத்தை மாற்றாது. பவர்பாயின்ட் ஸ்லைடு ஓடும்போது நடுவே எச்சரிக்கை எழும்பாமல் இருக்க எஸ்ஹெச் க்வெரி யூசர் நோட்டிஃபிகேஷன் ஸ்டேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இதை எச்சரிக்கையை அடக்கமாக்க மட்டும் பயன்படுத்துங்கள். நோயாளி விவரம் இருக்கும் திரைக்கு லாக்கையே தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்த் திசையில், பளபளப்பான மேசையில் வைத்த ஆப்டிகல் மவுஸ் தானே ஓரிரு பிக்ஸல் துடிக்கும். "எங்கள் கிளையில் மட்டும் ஆட்டோ லாக் வேலை செய்யவில்லை" என்று புகார் வந்தால் முதலில் மவுஸ் பேடு இருக்கிறதா என்று கேளுங்கள். மவுஸ்-மூவை நீங்களே பிடிக்கும் முறையில் 4 பிக்ஸலுக்குக் குறைந்த நகர்வை ஒதுக்கிவிடலாம். கெட் லாஸ்ட் இன்புட் இன்ஃபோவில் அந்த வசதி இல்லை.

உங்கள் நிரலே செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பின்னணியில் ஆட்டோசேவும் ரெஃப்ரெஷும் சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், சர்வர் பக்கத்து செஷன் காலாவதியே ஆகாது. அந்த அழைப்புகளைத் தனியாகக் குறித்து, அவை செஷனை நீட்டிக்காதபடி சர்வரில் எழுதுங்கள். திரையை மட்டும் பூட்டி, லாகின் செய்தவர் என்று சர்வர் அடையாளம் காணும் டோக்கனை உயிரோடு விட்டால் அது பாதிப் பாதுகாப்புதான்.

எச்சரிக்கை, பிறகு லாக்

15 நிமிட வரம்புக்கு 14-ஆம் நிமிடத்தில் எச்சரியுங்கள். எளிதில் அணுகும் வடிவமைப்புக்கான டபிள்யூசிஏஜி விதி 2.2.1, நேரத்தை நீட்டிக்க ஒரு எளிய செயலும் குறைந்தது 20 விநாடியும் தரச் சொல்கிறது. அது வலைப்பக்கங்களுக்கு எழுதியது என்றாலும், கை நடுக்கம் உள்ளவருக்கும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவருக்கும் 60 விநாடி தருவதே நியாயம்.

எச்சரிக்கைப் பெட்டி ஃபோகஸைப் பறிக்கக் கூடாது. ஒருவர் எக்செல்லில் எண்களைத் தட்டி என்டர் அடித்துக்கொண்டே போகிறார். உங்கள் பெட்டி முன்னால் குதிக்கிறது. அடுத்த என்டர் 'இப்போதே வெளியேறு' பட்டனில் விழுகிறது. அவர் பெட்டியைப் பார்த்திருக்கவே மாட்டார். டாஸ்க்பாரில் ஃப்ளாஷ் விண்டோ எக்ஸ் மூலம் மினுக்கி, ஃபோகஸ் எடுக்காத சிறு விண்டோவை ஓரத்தில் காட்டுங்கள். டீஃபால்ட் பட்டன் எப்போதும் 'தொடர்கிறேன்' ஆகவே இருக்கட்டும். கணினி ஐடில் முறையில் மவுஸை அசைத்தாலே பெட்டி தானாக மறைய வேண்டும்.

லாக் செய்யும்போது மெயின் ஃபார்மின் மேல் ஒரு பேனலைப் போட்டு மூடினால் போதாது. தனியாகத் திறந்த ரிப்போர்ட் விண்டோ, பிரின்ட் ப்ரிவ்யூ இரண்டும் வெளியே நிற்கும். டாஸ்க்பாரில் மவுஸை வைத்தால் அவற்றின் சிறுபடம் தெரியும். அப்ளிகேஷனின் ஓப்பன் ஃபார்ம்ஸ் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஹைடு செய்து, லாக் விண்டோ ஒன்றை மட்டும் காட்டுங்கள். டைட்டில் பாரில் நோயாளியின் பெயரோ கணக்கு எண்ணோ எழுதும் வழக்கம் இருந்தால், லாக் விண்டோவின் டைட்டிலில் மென்பொருளின் பெயர் மட்டும் இருக்கட்டும். உங்கள் மென்பொருள் கிளிப்போர்டில் வைத்ததையும் அழித்துவிடுங்கள்.

லாக் வேறு, லாக்-அவுட் வேறு. பாதி நிரப்பிய படிவத்தைத் தூக்கி எறிவது பயனரின் உழைப்பைத் தூக்கி எறிவது. அதை டிராஃப்ட்டாக, குறியாக்கம் செய்து, அந்தப் பயனர் மட்டும் திறக்கும்படி சேமியுங்கள். டேட்டாபேஸில் தானாக கமிட் செய்யாதீர்கள், முடிக்காத பில் முடித்த பில்லாகிவிடும். 40 நிமிடம் ஓடும் இம்போர்ட் நடந்துகொண்டிருந்தால் அதை ஓடவிட்டுத் திரையை மட்டும் பூட்டுங்கள். வேலை முடிந்த பிறகு லாக்-அவுட் நேரத்தைக் கணக்கிடலாம்.

மேக், லினக்ஸ், மற்றவை

மேக்கில் சிஜி ஈவென்ட் சோர்ஸ் செகண்ட்ஸ் சின்ஸ் லாஸ்ட் ஈவென்ட் டைப் என்ற நீண்ட பெயருள்ள ஃபங்ஷன் விநாடியில் விடை தரும். 'எந்த அசைவும்' என்பதற்கு எல்லா பிட்டும் 1 ஆன மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஸ்விஃப்டில் பலர் 0 கொடுத்துவிட்டு, விடை பொருத்தமில்லாமல் வருகிறது என்று திணறுகிறார்கள். ஐஓகிட் வழியாக ஹெச்ஐடி ஐடில் டைமையும் எடுக்கலாம். அது நானோசெகண்டில் வரும், 100 கோடியால் வகுங்கள்.

லினக்ஸில் திரையைக் கையாளும் அமைப்பு எக்ஸ்11, வேலண்ட் என இரண்டு வகை. எக்ஸ்11 என்றால் எக்ஸ் ஸ்கிரீன்சேவர் க்வெரி இன்ஃபோ மில்லிசெகண்டில் தரும். டெர்மினலில் எக்ஸ்பிரின்ட்ஐடில் கட்டளையால் சரிபார்க்கலாம். வேலண்டில் கதை வேறு. எவ்வளவு நேரம் ஐடில் என்று பொதுவாகக் கேட்க அங்கே வழியில்லை. எக்ஸ்ட்-ஐடில்-நோட்டிஃபை ப்ரோட்டோகாலில் முன்கூட்டியே மில்லிசெகண்டைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஐடில் ஆனதும் ஒரு செய்தி, திரும்பியதும் ஒரு செய்தி வரும். க்னோம் டெஸ்க்டாப்பில், நிரல்கள் பேசிக்கொள்ளும் டிபஸ் வழியாக, அதன் விண்டோ மேனேஜரான மட்டரின் ஐடில் மானிட்டரை அழைத்தால் மில்லிசெகண்ட் நேராகக் கிடைக்கும். எக்ஸ்11 நிரலை வேலண்டில் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓட்டினால் வரும் எண்ணை நம்பாதீர்கள். மற்ற விண்டோக்களில் நடப்பது அதற்குத் தெரியாது.

எலக்ட்ரானில் பவர் மானிட்டரின் கெட் சிஸ்டம் ஐடில் டைம் விநாடியில் தருகிறது, போதுமானது. ஜாவா ஸ்விங்கில் டூல்கிட்டில் ஏடபிள்யூடி ஈவென்ட் லிஸனரைச் சேர்த்து கீ, மவுஸ், மவுஸ் நகர்வு, வீல் நான்கு மாஸ்க்கையும் கொடுங்கள். வீலை விட்டுவிட்டு, ஸ்க்ரோல் செய்து படிப்பவரை வெளியேற்றும் நிரல்கள் நிறைய. லினக்ஸில் ஜாவாவின் நானோ டைம் ஸ்லீப் நேரத்தை எண்ணாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சோதிப்பது

வரம்பை கான்ஃபிக் ஃபைலிலிருந்து படியுங்கள், 10 விநாடி வைத்துச் சோதிக்கலாம். வாடிக்கையாளரிடம் போகும் பதிப்பில் அதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வையுங்கள். யாரோ 0 என்று எழுதினால் ஆட்டோ லாக் அணைந்துவிடக் கூடாது. 'இப்போது' தரும் ஃபங்ஷனையும் 'கடைசி அசைவு' தரும் ஃபங்ஷனையும் வெளியிலிருந்து மாற்றக்கூடியதாக எழுதினால் 49 நாள் கணக்கை ஒரு நொடியில் சோதித்துவிடலாம்: மேலே சொன்ன 4,29,49,67,040 மற்றும் 256 ஜோடிக்கு 512 வர வேண்டும், கடைசி அசைவு இப்போதைவிட 5 கூடுதலாக இருந்தால் 0 வர வேண்டும்.

பிறகு கையால் செய்ய வேண்டியவை. ஃபைல் சேவ் டயலாக்கைத் திறந்து வைத்து வரம்பைத் தாண்டித் தட்டிக்கொண்டே இருங்கள். மவுஸ் வீலை மட்டும் உருட்டிப் பாருங்கள். டச் ஸ்கிரீன் இருந்தால் விரலால் மட்டும் இயக்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைப்பைத் துண்டித்து மறுபடி நுழையுங்கள். ரிப்போர்ட் விண்டோ திறந்திருக்கும்போது லாக் ஆகவிட்டு, டாஸ்க்பார் சிறுபடத்தையும் ஆல்ட்-டேப் பட்டியலையும் பாருங்கள். லேப்டாப் மூடியை மூடி, வரம்பு தாண்டிய பிறகு திறந்து, முதல் கீயை அழுத்திய கணத்தில் திரையில் எது தெரிகிறது என்று கவனியுங்கள். லாகின் பெட்டிக்கு முன் பழைய படிவம் கண்ணில் பட்டாலே சஸ்பெண்ட் மெசேஜைக் கையாளும் பகுதியைத் திரும்பத் திறக்க வேண்டும்.